'சந்திரலேகா' படுத்திருந்தால்? ஜெயித்தவர் கதையை வைத்து நாம் போடும் தப்புக் கணக்கு



வேலையை விட்டுட்டு சொந்தத் தொழில் ஆரம்பிக்கலாமா என்று நம்ம சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதீங்க என்பதுதான் அதில் நான் சொன்னது. அதற்குக் கீழே ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்: "ரிஸ்க் எடுக்காதவன் ஜெயிச்சதா சரித்திரமே இல்லை சார். எஸ்.எஸ்.வாசன் வீட்டு நகையை வித்துத்தான் சந்திரலேகா எடுத்தாரு. உங்க பேச்சைக் கேட்டிருந்தா தமிழ் சினிமாவுக்கு ஜெமினியே இருந்திருக்காது."

கமெண்டுக்கு இருநூறுக்கு மேல் லைக். எனக்குக் கோபம் வரவில்லை. என் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. ஏனென்றால் 1994-ல் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான். "வாசன் நகையை வித்துத்தானேடா சந்திரலேகா எடுத்தாரு?"

சித்தப்பா கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சந்திரலேகா கதையைச் சரியாகப் பார்த்துவிடலாம். அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்வி: அந்தப் படம் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி சினிமாவுக்கு மட்டும் இல்லை, உங்க பணத்துக்கும் ரொம்ப முக்கியம்.

சந்திரலேகாவில் உண்மையில் நடந்தது என்ன?

1940-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டுடியோவுக்கு அடுத்தடுத்து இரண்டு பெரிய வெற்றிகள். தெலுங்கில் 'பாலநாகம்மா', தமிழில் 'மங்கம்மா சபதம்'. அந்தச் சூட்டோடு வாசன் அடுத்த படத்தை அறிவித்தார். பேர் 'சந்திரலேகா'. அப்போது கையில் இருந்தது அந்தப் பேர் மட்டும்தான், முழுக் கதை பிறகுதான் தயாரானது.

எடுத்து முடிக்க ஐந்து வருஷம் ஆனது. பாதிக்கு மேல் எடுத்த நிலையில் இயக்குநர் டி.ஜி.ராகவாச்சாரி விலகிவிட்டார். மீதியை வாசனே இயக்கினார். நடுவில் கதையில் சர்க்கஸ் சேர்ந்தது. அதற்காக நிஜ சர்க்கஸ் கம்பெனிகளை அழைத்து வந்தார்கள். இன்றைக்கும் எல்லோரும் பேசும் அந்த முரசு நடனத்துக்கு நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள், மாதக்கணக்கில் ஒத்திகை. மொத்தச் செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் என்று சினிமா வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. சில லட்சங்களில் படம் முடிந்த காலம் அது. சொத்தை அடமானம் வைத்து, நகையை விற்று வாசன் படத்தை முடித்தார் என்றும் அதே வரலாறு சொல்கிறது.

1948 ஏப்ரல் 9-ம் தேதி தமிழில் படம் வெளிவந்தது. டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் நடித்த படம். கூட்டம் வந்தது, பாராட்டும் வந்தது. ஆனால் போட்ட பணம் மட்டும் திரும்பி வரவில்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. "மாபெரும் வெற்றி" என்று நாம் கேள்விப்பட்ட சந்திரலேகா, தமிழில் மட்டும் ஓடி நின்றிருந்தால், வாசனின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு நஷ்டம்.

அதற்குப் பிறகு வாசன் இந்திக்குப் போனார். ஏவி.மெய்யப்பன் அவரை ஊக்கப்படுத்தியதாகச் சொல்வார்கள். சில மாற்றங்களோடு இந்திப் பதிப்பு தயாராகி, அதே வருஷம் டிசம்பர் 24-ம் தேதி வெளியானது. முழுப் பக்கப் பத்திரிகை விளம்பரங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் என்று அதுவரை இந்தியா பார்க்காத அளவில் செய்தார். இந்திப் பதிப்பு பெரிய வெற்றி பெற்றது. தமிழில் விழுந்த பள்ளம் அங்கேதான் நிரம்பியது.

சரி, இந்தியிலும் படுத்திருந்தால்?

இனி வருவது ஊகம். ஆனால் காற்றில் கட்டிய ஊகம் இல்லை. சந்திரலேகாவுக்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தது என்று தெரியும், அதில் எது இந்த வெற்றியின் மேல் நின்றது என்று பிரித்துப் பார்க்கலாம்.

*முதலாவது, ஜெமினி ஸ்டுடியோ.* அடமானத்தில் இருந்த சொத்து கடன்காரர் கைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டுடியோ கைமாறுவது அந்தக் காலத்தில் நடக்காத விஷயமும் இல்லை. ஜெமினியே அப்படி வந்ததுதான். இயக்குநர் கே.சுப்பிரமணியத்தின் ஸ்டுடியோ தீ விபத்தில் சேதமாகி, அதைத்தான் வாசன் வாங்கி ஜெமினி என்று பேர் மாற்றினார். ஒருத்தர் இழந்த இடத்தில்தான் இன்னொருத்தரின் வெற்றி ஆரம்பமானது. சந்திரலேகா படுத்திருந்தால் அதே இடத்துக்கு மூன்றாவதாக ஒரு முதலாளி வந்திருப்பார், பேரும் மாறியிருக்கும். 1953-ல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்', 1958-ல் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' இதெல்லாம் வேறு கம்பெனிக்குப் போயிருக்கும், அல்லது வந்தே இருக்காது. சென்னையில் அண்ணா மேம்பாலத்தை இன்றைக்கும் "ஜெமினி பாலம்" என்கிறோமே, அந்தப் பேரும் நம்ம வாயில் இருந்திருக்காது.

*இரண்டாவது, சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போன பாதை.* சென்னையில் எடுத்த படத்தை வட இந்தியா முழுக்க ஓட்டிக் காசு பார்க்கலாம் என்று தென்னிந்தியத் தயாரிப்பாளர்களுக்கு நம்பிக்கை கொடுத்தது சந்திரலேகாதான். அதற்குப் பிறகு ஜெமினி 1955-ல் திலீப் குமார், தேவ் ஆனந்த் இருவரையும் வைத்து 'இன்சானியத்' எடுத்தது, 1959-ல் 'பைகாம்' எடுத்தது. ஏவி.எம். தன் 'வாழ்க்கை' படத்தை 1951-ல் 'பஹார்' என்று இந்தியில் எடுத்தது. வைஜயந்திமாலாவுக்கு இந்தியில் அதுதான் முதல் படம். சந்திரலேகா அங்கே படுத்திருந்தால், "பாத்தீங்களா, வாசனாலேயே முடியலை" என்பதுதான் அடுத்த பத்து வருஷத்துக்கு மவுண்ட் ரோட்டில் எல்லோர் வாயிலும் இருந்திருக்கும். ஃபைனான்சியர் எவரும் இந்திப் படத்துக்குப் பணம் நீட்டியிருக்க மாட்டார்.

பாதை நிரந்தரமாக மூடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வேறொருத்தர், வேறொரு படத்தோடு, சில வருஷம் தள்ளிப் போயிருப்பார். ஆனால் முதலில் போனவர் தோற்றால் பின்னால் வருபவருக்கு வட்டி கூடும், துணிச்சல் குறையும். அந்தத் தாமதத்தில் யார் யார் வாழ்க்கை மாறியிருக்கும் என்று கணக்குப் போடவே முடியாது.

*மூன்றாவது, தமிழ்ப் படத்தின் ருசி.* 1949-ல் 'வேலைக்காரி', 1952-ல் 'பராசக்தி'. இந்தப் படங்கள் சந்திரலேகாவால் வந்தவை இல்லை. நாடக மேடையிலிருந்து, வசனத்தின் பலத்தில் வந்தவை. சந்திரலேகா ஓடியிருந்தாலும் படுத்திருந்தாலும் அவை வந்திருக்கும். ஆனால் கூடவே பிரம்மாண்டமும் ஒரு வியாபாரம் என்று சந்திரலேகா காட்டியது. அது படுத்திருந்தால் "வசனம் எழுதினா போதும், செட்டுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்ற பக்கம் தராசு இன்னும் சாய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இவ்வளவும் ஒரு படத்தின் இரண்டாவது ரிலீஸில் தொங்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் 23-ம் தேதி ராத்திரி வரை வாசனுக்கும் முடிவு தெரியாது. இன்றைக்கு நாம் அந்தக் கதையைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்துவிட்டு ஆரம்பிக்கிறோம். அதனால்தான் நகையை விற்றது "துணிச்சல்" என்று தெரிகிறது. படம் படுத்திருந்தால் அதே செயலுக்கு நாம் வைக்கும் பேர் என்ன? "பைத்தியக்காரத்தனம்."

செயல் ஒன்றுதான். ரிசல்ட் மாறினால் நாம் வைக்கும் பேரும் மாறுது!

அதே 1948-ல் இன்னொருத்தர்

இது வெறும் ஊகம் இல்லை என்று காட்ட அதே வருஷத்திலேயே ஒரு படம் இருக்கிறது.

எம்.கே.தியாகராஜ பாகவதரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1944-ல் வந்த அவருடைய 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். அதே வருஷக் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1947-ல் விடுதலை. வெளியே வந்ததும் சொந்தத் தயாரிப்பில் இறங்கினார். படம் 'ராஜமுக்தி'. 1948-ல் வெளியானது. பாட்டுக்கு பாகவதர், கூட பி.பானுமதி, எம்.ஜி.ஆரும் நடித்திருந்தார். தமிழ்நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய நட்சத்திரத்தின் மறுவருகை.

படம் ஓடவில்லை. அதற்குப் பிறகும் பாகவதர் நடித்தார், ஆனால் பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. 1959-ல் மறைந்தார்.

இப்போ சொல்லுங்க. வாசனுக்குத் துணிச்சல் இருந்தது, பாகவதருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ஒரே வருஷம், ஒரே தொழில், இரண்டு பேரும் சொந்தப் பொறுப்பில் இறங்கினார்கள். "வாசன் நகையை வித்தாரு" என்று மேடையில் சொல்பவர்கள் உண்டு. "பாகவதர் சொந்தப் படம் எடுத்தாரு, நீயும் எடு" என்று எந்த மோட்டிவேஷன் பேச்சாளராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

64 பேர் கணக்கு

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 64 பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒரு நாணயம். ஒவ்வொரு ரவுண்டிலும் சுண்ட வேண்டும், தலை விழுந்தால் உள்ளே, பூ விழுந்தால் வெளியே.

முதல் ரவுண்டில் சராசரியாக 32 பேர் மிஞ்சுவார்கள். பிறகு 16, 8, 4, 2. ஆறாவது ரவுண்டில் ஒருத்தர். தொடர்ந்து ஆறு தடவை தலை போட்டவர்! அவரை யூடியூப் சேனலில் உட்கார வைத்து "உங்க வெற்றியின் ரகசியம் என்ன சார்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். "கட்டைவிரலை இப்படி வைக்கணும், மனசுல சந்தேகமே இருக்கக் கூடாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் சுண்டினார். மீதி 63 பேரும் அப்படித்தான் சுண்டினார்கள், அவர்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை.

தொழிலில் திறமையும் உழைப்பும் இருக்கிறது, வெறும் நாணயம் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து "எல்லாத்தையும் அடமானம் வச்சதால ஜெயிச்சாங்க" என்று முடிவு கட்டினால், எல்லாவற்றையும் அடமானம் வைத்துத் தோற்றவர்கள் எத்தனை பேர் என்ற எண் நம்ம கண்ணுக்கே வராது. அந்த எண் தெரியாமல் போடும் கணக்கு கணக்கே இல்லை.

வாசனிடம் இருந்தது, நம்மிடம் இல்லாதது

சந்திரலேகா கதையில் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லையா? நிறைய இருக்கு. ஆனால் அது நகை விற்ற இடத்தில் இல்லை. இந்த மூன்று இடங்களில் இருக்கிறது.

1. வேறு வருமானம் ஓடிக்கொண்டிருந்தது. 1928-லிருந்து 'ஆனந்த விகடன்' வாசன் கையில் இருந்தது. சினிமாவிலும் ஒரே நாளில் குதிக்கவில்லை. அவர் எழுதிய கதை 1936-ல் 'சதி லீலாவதி' என்று படமானது. பிறகு பட விநியோகம் செய்தார், அதற்கு அப்புறம்தான் ஸ்டுடியோ. சந்திரலேகா இழுத்துக்கொண்டிருந்த ஐந்து வருஷத்திலும் ஜெமினி சும்மா இருக்கவில்லை. 'தாசி அபரஞ்சி', 'கண்ணம்மா என் காதலி', 'மிஸ் மாலினி' என்று மற்ற படங்கள் வந்துகொண்டே இருந்தன.

2. செலவு செய்த இடமே சொத்து. ஸ்டுடியோ, கேமரா, சம்பளத்துக்கு இருந்த கலைஞர்கள். ஒரு படம் படுத்தாலும் அடுத்த படத்துக்கு இவை பயன்படும்.

3. இரண்டாவது வாசல் இருந்தது. இதுதான் ரொம்ப முக்கியம். தமிழில் பணம் திரும்பாதபோது "இன்னும் கொஞ்சம் போட்டா மீட்டுடலாம்" என்று அதே தமிழ் மார்க்கெட்டில் பணத்தைக் கொட்டவில்லை. கோட்டை செட், சர்க்கஸ், முரசு நடனம் எல்லாம் ஏற்கனவே படமாகி இருந்தது. புதுசாகப் போட வேண்டியது இந்திப் பதிப்புக்கும் விளம்பரத்துக்குமான செலவு. கிடைக்கக்கூடியது தமிழ் மார்க்கெட்டைவிடப் பல மடங்கு பெரிய மார்க்கெட்.

இந்த மூன்றாவது பாயிண்டை நன்றாகப் புரிந்துகொள்ளுங்க. "போட்டது போச்சு" என்று பழைய பணத்தை ஓரமாக வைத்துவிட்டு, "இனி போடும் ஒரு ரூபாய் எவ்வளவு கொண்டு வரும்?" என்று மட்டும் கேட்டால் அது நல்ல முடிவு. "ஏற்கனவே இவ்வளவு போட்டுட்டோமே" என்பதற்காக மேலும் போட்டால் அது சூதாட்டம். விழுந்த ஷேரை ஆவரேஜ் பண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

அதே சமயம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தும் வாசன் சொத்தை அடமானம் வைக்கும் நிலைக்குப் போனார். முழுக் கதை இல்லாமல் படத்தை அறிவித்ததும், ஐந்து வருஷம் செலவுக்கு வரம்பே வைக்காமல் போனதும் நல்ல முடிவுகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தப்பித்தார். தப்பித்ததால் அந்த முடிவு சரியாகிவிடாது.

சித்தப்பாவின் சந்திரலேகா

இப்போ சித்தப்பா கதை. திண்டுக்கல் பக்கம் சின்ன ஊர். சித்தப்பாவுக்குச் சைக்கிள் கடை. மாதம் எல்லாச் செலவும் போக மூவாயிரம் ரூபாய் நிற்கும். சினிமாப் பைத்தியம். 1994-ல் ஒரு விநியோகஸ்தர் மூலமாக, எங்க பக்கத்துச் சின்ன தியேட்டர்களுக்கும் டூரிங் டாக்கீஸ்களுக்கும் ஒரு புதுப்படத்தின் உரிமை வந்தது. மினிமம் கேரண்டி ஒன்றரை லட்சம். மினிமம் கேரண்டி என்றால் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. ஓடி அதற்கு மேல் வசூலானால்தான் லாபம்.

பணம் எப்படிச் சேர்ந்தது தெரியுமா? சித்தியின் நகையை அடகு வைத்து 50,000. எடுத்த சீட்டுப் பணம் 30,000. மீதி 70,000 மூணு வட்டிக்கு வெளியே வாங்கினார். என் அப்பா வேண்டாம் என்றார். அப்போதுதான் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து வாசன் கதையைச் சொன்னார். அப்பாவிடம் பதில் இல்லை. வாசன் ஜெயித்தது உண்மைதானே!

படம் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள்.

மூணு வட்டி என்றால் 70,000-க்கு மாதம் 2,100 ரூபாய். கடையில் நிற்பது 3,000. மிச்சம் 900 ரூபாயில் நாலு பேர் குடும்பம், அதற்குள் சீட்டுத் தவணையும் கட்டணும். அடுத்த வருஷம் நகை ஏலத்துக்குப் போனது. தங்கச்சியின் பத்தாம் வகுப்போடு படிப்பும் நின்றது. கடனை அடைத்து முடிக்க ஏழு வருஷம் ஆனது.

சித்தி ஒரு வார்த்தை சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள் டிவியில் பழைய படப் பாட்டு ஓடும்போது என்னிடம் கேட்டார்: "ஏப்பா, அந்த வாசன் வீட்டம்மா நகை கடைசியில திரும்ப வந்துச்சாமா?"

எனக்குப் பதில் தெரியலை. ஆனால் ஜெயித்தவர் கதையைக் கேட்கும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. நகை யாருடையது? படுத்தால் யார் கழுத்து காலியாகும்?

சித்தப்பா தப்பானவர் இல்லை. சோம்பேறியும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டது வாசனின் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான். விகடன் மாதிரி இன்னொரு வருமானம் இல்லை, படம் போனால் கையில் மிஞ்சும் சொத்து இல்லை, இரண்டாவது வாசலும் இல்லை.

பணம் போடும் முன் ஒரு "ஃப்ளாப் பேப்பர்" எழுதுங்க

பெரிய தொகையை எங்கே போடுவதாக இருந்தாலும், அது கடையோ, ஒரே ஒரு ஷேரோ, மனையோ, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே "இது படுத்துடுச்சு" என்று எழுதுங்க. படுத்தால் என்று இல்லை, படுத்துடுச்சு. ஒரு வருஷம் கழித்து நடந்து முடிந்த மாதிரி நினைத்து, இந்த நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்க.

கேள்வி 1: வீட்டுச் செலவு எத்தனை மாதம் ஓடும்? உங்களிடம் 15 லட்சம் இருக்கு, 12 லட்சத்தில் கஃபே ஆரம்பிக்கிறீங்க, மாதச் செலவு 40,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 3 லட்சம். ஏழரை மாதம் ஓடும். ஆறு மாதத்துக்குக் கீழே வந்தால் தொகையைக் குறைங்க.

கேள்வி 2: இதில் கடன் எவ்வளவு? அதே கஃபேயைப் பெரிசாகப் போட மேலும் 8 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 18,600. கஃபே மூடினாலும் இ.எம்.ஐ. மூடாது. மாதச் செலவு 58,600 ஆகிவிடும். அதே 3 லட்சம் இப்போது ஐந்து மாதம்தான். கடன் உங்க தோல்வியைப் பெரிசாக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

கேள்வி 3: எவ்வளவு திரும்ப வரும்? இரண்டாவது வாசல் எது? 12 லட்சத்தில் கடை அட்வான்ஸ் 3 லட்சம், மெஷின் 4 லட்சம், உள் அலங்காரம் 3 லட்சம், நடப்புச் செலவு 2 லட்சம் என்றால், படுத்த பிறகு அட்வான்ஸ் திரும்பும், மெஷின் பாதி விலைக்குப் போகும். கையில் 5 லட்சம் வரும். அலங்காரத்துக்குப் போட்டது போனதுதான். அப்போ ஆரம்பத்திலேயே அலங்காரத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம் இல்லையா?

கேள்வி 4: எந்த இடத்தில் நிறுத்துவேன்? தொகையும் தேதியும் எழுதுங்க. "ஆறு மாசத்துல மாச வாடகையைக்கூட எடுக்கலைன்னா மூடிடுவேன்" என்ற மாதிரி. சூடு ஏறிய பிறகு இந்த வரியை யாராலும் எழுத முடியாது. முன்னாடியே எழுதணும். எழுதி, வீட்டில் ஒருத்தரிடம் கொடுத்துவிடுங்க.

இதோடு நஷ்டக் கணக்கையும் மனசில் வைங்க. 20 சதவீதம் போனால் பழைய நிலைக்கு வர 25 சதவீத லாபம் போதும். 50 சதவீதம் போனால் 100 சதவீதம் வேணும். 80 சதவீதம் போனால் 400 சதவீதம்! பள்ளம் ஆழமாக ஆக, ஏறும் தூரம் அதைவிட வேகமாகக் கூடும். அதனால் முதல் வேலை, ஆட்டத்திலிருந்து ஒரேயடியாக வெளியே போகாமல் இருப்பது.

அப்போ ரிஸ்க்கே எடுக்கக் கூடாதா?

எடுக்கணும். எல்லாரும் எஃப்.டி.யிலேயே உட்கார்ந்திருந்தால் சந்திரலேகாவும் வராது, நீங்க போற கடையும் இருக்காது. ஃப்ளாப் பேப்பர் எழுதின பிறகும் "இது படுத்தாலும் நாங்க நிப்போம்" என்று தெரிந்தால் தைரியமாக இறங்குங்க. அப்படி இறங்குபவர்களுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு: முதல் படம் படுத்தாலும் அவர்களால் இரண்டாவது படம் எடுக்க முடியும்.

அந்தக் கமெண்ட் போட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். வாசனை நானும் கொண்டாடுகிறேன் சார். முரசு நடனத்தை இன்றைக்குப் பார்த்தாலும் மலைப்பாகத்தான் இருக்கு. ஆனால் அடுத்த தடவை அந்தக் கதையைச் சொல்லும்போது 1948 ஏப்ரலில் கதையை நிறுத்திப் பாருங்க. தமிழில் பணம் திரும்பவில்லை, சொத்து அடமானத்தில், நகை வித்தாச்சு, டிசம்பர் இன்னும் வரவில்லை. அந்த எட்டு மாதத்தை உங்க குடும்பம் தாங்குமா? தாங்கும் என்றால் நீங்க தயார்.

சித்தப்பா இப்போ இல்லை. சித்தி எங்க வீட்டில்தான் இருக்காங்க. தங்கச்சியின் மகள் போன வருஷம் காலேஜ் சேர்ந்தாள். சேர்க்கைக் கட்டணத்துக்கு எந்த நகையும் வெளியே போகலை. பிறந்ததிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு வந்த பணம் அது. இந்த மாதிரி விஷயத்தை யாரும் சினிமாவாக எடுக்க மாட்டாங்க. பரவாயில்லை.

நீங்க ஃப்ளாப் பேப்பர் எழுதிப் பார்த்தீங்களா? எந்தக் கேள்வியில் பேனா நின்றது என்று கமெண்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் அந்தக் கேள்வியை எடுத்து விரிவாகப் பேசலாம்.

*குறிப்பு: இங்கே கொடுத்திருக்கும் கணக்குகள் புரிதலுக்கான உதாரணங்கள் மட்டுமே. பெரிய முடிவு எடுக்கும் முன் உங்க நிலைமை தெரிந்த, பதிவு பெற்ற நிதி ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்க.*